தூங்கிப்போன ஆபரேட்டர்

இன்னொரு தடவை போகலாம்க்கா, என்று நவ்ஷாத்தின் குரல் ஹெட்போனுக்குள் வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, திரையில் ஓடும் என் குரலின் கோடுகளைப் பார்த்தபடிதான் பேசுகிறான், எரிச்சல் இல்லை அவனுக்கு, எரிச்சல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் குடிக்கிறேன். அது உள்ளே இறங்கி அடங்கும்வரை பொறுத்திருக்கிறேன், இந்த மைக் எச்சில் விழுங்குவதைக்கூட விடாது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய பாடத்தை எனக்குக் கற்பித்தவர், என்று தொடங்குகிறேன், கற்பித்தவர் வரை தங்குதடை இல்லாமல் போகிறது, அடுத்து வருவது ‘தூங்கிப்போன ஒரு ஆபரேட்டர்’, அந்தத் ‘தூ’ வரும்போது நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. சாரி நவ்ஷாத். பரவாயில்லக்கா, மெதுவா. மெதுவாகச் சொன்னாலும் அதே வார்த்தைதான். காலையில்தான் இந்த அத்தியாயத்தை அனுப்பினார்கள், ஆசிரியர் கடைசி நேரத்தில் திருத்திக் கொடுத்தாராம், ஆட்டோவில் வரும்போது மேலோட்டமாகத் தலைப்பை மட்டும் பார்த்தேன், மன்னிப்பு ஒரு முதலீடு, சரி, வழக்கமானதுதான் என்று மூடி வைத்தேன். இந்தப் பக்கத்தை முன்கூட்டியே வாசித்திருந்தால் காய்ச்சல் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். நாளைக்கு வா என்றிருப்பார்கள். நாளைக்கும் இதே பக்கம்தான் இருந்திருக்கும்.

‘நிமிர்ந்த வியாபாரம்’ என்பது புத்தகத்தின் பெயர். எழுதியவர் ஜெயசிங் ஞானதுரை, தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்து பெரிய ஆளானவர், இப்போது கல்லூரிகளிலும் மாநாடுகளிலும் அறத்தோடு தொழில் செய்வது எப்படி என்று பேசுகிறார், பேசுவதைக் கேட்கக் கூட்டம் வருகிறது. நான் ஜெசிந்தா, ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள், இந்தப் புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு ‘நானு’ம் அவர், வாய் மட்டும் என்னுடையது. நான் நேர்மையை நம்பினேன், நான் தொழிலாளியின் கண்ணைப் பார்த்துப் பேசினேன், நான் லாபத்தைவிடப் பெரியதைத் தேடினேன் என்று இரண்டு வாரமாக அவராக இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன், நன்றாகவே வாசித்திருக்கிறேன், ஒரு பெண்குரல் போதும், அது நெருக்கமாக இருக்கும் என்று அவரே சொன்னாராம். யார் மகள் வாசிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். அவருடைய கம்பெனியில்தான் அப்பா கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்தார். இறாலை உறைய வைக்கிற குளிர் எந்திரத்துக்கு அம்மோனியா வாயு ஓட வேண்டும், அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் அப்பாவின் வேலை. அப்பா ஒருநாளும் முதலாளியைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் அப்பாவிடம் சொல்லலாம், யார் எழுதினது கண்டுபிடிங்க பார்ப்போம் என்று கேட்கலாம், சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நான் எப்படி நினைத்தேன்?

அப்பா கேட்பார். அதுதான். மற்றவர்கள் கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு, அப்பா கட்டாயம் கேட்பார், நான் வாசித்த ஒரு புத்தகத்தையும் அவர் விட்டதில்லை. அம்மோனியா பட்டதிலிருந்து அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது, ஆள் நிழலாகத் தெரியும், வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். தூத்துக்குடியில் தம்பி வீட்டு மாடியறையில் காலையில் பல் விளக்கியதும் போனைக் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், நான் பேசுகிறேன், பழக்கங்களை மாற்றுவது பற்றி, கோபத்தை ஆள்வது பற்றி, கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பது பற்றி, தோல்வியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றி. சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவார், ஏதோ நானே எழுதினது மாதிரி. விடிகாலை எழுந்திருப்பவர்கள்தான் வாழ்க்கையில் ஜெயிக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் வந்தபோது, ஏம்மா, இறால் உரிக்க வந்த பொம்பளைக எல்லாம் கோழி கூவுமுன்ன எந்திரிச்சாளுகளே, ஒருத்தியும் ஜெயிக்கலியே என்று கேட்டார், நானும் அவரும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் கேலி மட்டும் இல்லை, நல்லதாக ஒரு வரி வந்தால் மனப்பாடமாகச் சொல்வார், வாக்குக் கொடுக்குமுன் ஒரு இரவு பொறு என்று ஒரு வரி, அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நல்லாச் சொல்லிருக்காம்மா அந்த ஆளு, எனக்கு அப்பமே யாராவது சொல்லிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னார்? அப்போது நான் கேட்கவில்லை. மாடியறையில் காற்று வரும், கிழக்கு ஜன்னல், அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், போனிலிருந்து என் குரல் வரும், தூங்கிப்போன ஒரு ஆபரேட்டர் என்று.

அக்கா, ரெடியா? ரெடி. விரல்கள் காகிதத்தில் சத்தம் போடக்கூடாது என்று மடிமேல் வைத்திருக்கிறேன். ஒலி விழக்கூடாது என்று ஏ.சி.யை நிறுத்தியிருக்கிறார்கள், சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சாத்தினால் காற்றே அசையாது, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை, இப்போது முட்டுகிறது, மூக்கின் உச்சியில் ஊசி குத்துவதுபோல ஒரு வாடை வருகிறது, இங்கே இல்லாத அம்மோனியா வாடை. அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்து அப்பாகிட்டக் கொடுத்துட்டு வா என்றாள், வாட்ச்மேன் தெரிந்தவர், உள்ளே விட்டுவிட்டார். எந்திர அறை வாசலில் போய் நின்றேன், அப்பா என்னைப் பார்க்கவில்லை, குழாயோரம் குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், கையில் ஸ்பானர், நெற்றியில் வேர்வை. அவர் தூங்கவில்லை. தூங்குகிற ஆள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா? சாப்பாடு அப்போதுதான் வந்தது, என் கையில் இருந்தது, இன்னும் சாப்பிடவே இல்லை, மதிய உணவுக்குப் பின் கண் அசந்துவிட்டார் என்று இந்தப் பக்கத்தில் அடுத்த வரியாக இருக்கிறது, எந்த மதிய உணவு? தூக்கு என் கையில். பிறகு சீறல். பாம்பு சீறுவதுபோல இல்லை, பஸ்ஸில் பிரேக் காற்று விடுவார்களே அதுபோல, ஆனால் நிற்காமல். அப்பா திரும்பினார், என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை என்னால் சொல்ல முடியாது, அவர் என்னை முழுசாகப் பார்த்த கடைசித் தடவை அது. இடுப்போடு தூக்கிக்கொண்டு ஓடி கேட்டுக்கு வெளியே ரோட்டில் போட்டார், முழங்கை தேய்ந்தது, எழுந்திருக்கும்போது அவர் தொட்டியில் துண்டை முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தார். பெண்கள் கையுறையும் தொப்பியுமாக ஓடிவந்தார்கள், இருமினார்கள், ரோட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். கடைசியில் அப்பா லூர்தக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், உறைய வைக்கும் அறைக்குள் இருந்தவள், ரீத்தாவின் அம்மா, ரீத்தா என் பெஞ்சில் உட்காருபவள். அப்பாவின் கண் இரண்டும் பச்சை மாமிசம் மாதிரி இருந்தது. தூக்கு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா திட்டுவாள் என்று பயந்து அழுதேன்.

அக்கா, மூச்சுச் சத்தம் கேக்குது. அவன் இப்போது நிமிர்ந்து பார்க்கிறான். பதிப்பகத்து பிரேமலதா மேடமும் வந்துவிட்டார், அவர் பின்னால் வெள்ளைச் சட்டையில் உயரமாக ஒருவர், புகைப்படத்தில் இருப்பதைவிட முடி நரைத்திருக்கிறது, ஞானதுரை. இன்றைக்கு வருவதாகச் சொல்லவே இல்லையே. அவர் கண்ணாடி வழியாகச் சிரித்துக் கும்பிடுகிறார், நானும் கும்பிடுகிறேன், கை தானாகக் கும்பிடுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் இப்படித்தான் நின்றார், வெள்ளைச் சட்டை, எங்களையெல்லாம் வெளியே போய் விளையாடச் சொன்னார்கள், உள்ளே தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் இருந்தார், அப்பா கண்ணில் கட்டோடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் கம்பெனி திறந்தது, அப்பாவைக் கேட்டில் உட்கார வைத்தார்கள், கண் தெரியாத ஆளை வாசலில். முதலாளி கைவிடலை பாரு என்று ஊரில் சொன்னார்கள், அம்மாவும் சொன்னாள். பக்கத்தின் மிச்சத்தை மேலிருந்து கீழே கண்ணால் ஓட்டுகிறேன். மதிய உணவுக்குப் பின் அவர் கண் அசந்துவிட்டார். வால்வு கசிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அவரைப் போலீசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் அவர் தோளில் கைவைத்து, குணமானதும் வேலைக்கு வா என்றேன். அன்று அவர் அழுதார். நவ்ஷாத், ஒரு நிமிஷம் வெளியே போயிட்டு வரேன் என்று ஹெட்போனைக் கழற்றுகிறேன், அவரைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும், டீ குடிக்கிறீங்களாம்மா, தொண்டைக்கு நல்லது என்கிறார், குரலில் உண்மையாகவே அக்கறை இருக்கிறது, அதுதான் என்னை மிரட்டுகிறது.

மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்கிறேன். இந்த நேரத்தில் நான் கூப்பிடுவதில்லை, எடுத்ததும் என்னம்மா, உடம்புக்கு என்ன என்கிறார். ஒன்றுமில்லை, ஒரு பக்கம் வாசிக்கிறேன், கேளுங்கள் என்று சொல்லி, யார் எழுதியது என்பதையும் சொல்கிறேன். சொன்னதும் அந்தப் பக்கம் ரேடியோவை நிறுத்துகிற சத்தம். வாசிக்கிறேன். படிக்கட்டில் தடங்கல் இல்லை, தூங்கிப்போன ஒரு ஆபரேட்டர் முழுசாக வாயிலிருந்து வருகிறது, அவரிடமே சொல்லும்போது வருகிறது. முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

“நீங்க தூங்கலயேப்பா. நான் பாத்தேனே.”

“தூங்கினேம்னு நாந்தானம்மா சொன்னேன்.”

மெதுவாகச் சொல்கிறார், யாரைப் பற்றியோ சொல்வதுபோல. வால்வு போய்விட்டது, எந்திரத்தை நிறுத்தி மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தாராம், சரக்குக் கப்பலேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொன்னால் கம்பெனிக்குச் சீல் வைத்துவிடுவார்கள், எல்லோருக்கும் வேலை போய்விடும். இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலை இறால் உரிக்கிற பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்களாம், ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றார்கள், கட்டுக்குள்ளிருந்து அவருக்கு இறால் வாடை மட்டும் வந்துகொண்டே இருந்ததாம். முதலாளி சொல்லச் சொன்னாரா என்று கேட்கிறேன். அவரு கேக்கவே இல்லம்மா, பக்கத்துல நின்னாரு, அவ்வளவுதான், நான் சொன்னதும் தோள்ல கைய வச்சாரு, அது நெசந்தான். அப்போ நான் என்ன செய்யட்டும்? வாசி, என்கிறார், அது உன் வேலை, நான் சொன்னதத்தான எழுதிருக்காரு. பிறகு எதையோ தேடுவதுபோல நிறுத்துகிறார். நடுவுல என்னமோ வந்துச்சே, சேதம்னு. நான் அந்த வரியை மட்டும் வாசிக்கிறேன், நல்லவேளையாக உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம்.

“அத நான் சொல்லலியே,” என்கிறார். “நான் தூங்கினேம்னு சொல்லும்போது லூர்து உசுரோட இருந்தா, பிள்ளே. பெரியாஸ்பத்திரில இருந்தா. பொழச்சிருவான்னு சொன்னாங்க. செத்துருவான்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

போனை வைத்த பிறகும் படியில் உட்கார்ந்திருக்கிறேன். லூர்தக்கா இரண்டாவது வாரத்தில் போனாள், அதற்குள் கம்பெனி ஓடத் தொடங்கிவிட்டது, எங்கள் வகுப்பையே கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள், ரீத்தா அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குப் பார்த்தாள்? உன் அப்பா தூங்கிட்டாராமே என்று வீட்டில் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை பெஞ்சு மாறி உட்கார்ந்தாள், நான் டிசி வாங்கும்வரை என்னிடம் பேசவில்லை, ஏன் என்று நானும் கேட்டதில்லை. அப்பா சொன்ன வார்த்தை சொன்ன இடத்தில் நிற்கவில்லை, வளர்ந்து போய் ஒரு சாவின் மேலே உட்கார்ந்துகொண்டது, அதை எடுக்க அவருக்கு வழி தெரியவில்லை, கேட்டில் உட்கார்ந்து அதே பெண்கள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் காலடிச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுக்குமுன் ஒரு இரவு பொறு. அதனால்தானா. இப்போது உள்ளே போய் என்ன செய்யப்போகிறேன்? வாசித்துவிட்டால் என்ன, ஒரு வரி, மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது, ஒலிப்புத்தகம் கேட்கிறவர்கள் பாதிப்பேர் சமைத்துக்கொண்டு கேட்கிறார்கள். வாசிக்காவிட்டால் என்ன, பிரேமலதா இனிமேல் கூப்பிடமாட்டார், அவர் கூப்பிடாவிட்டால் மற்றவர்களும் காரணம் கேட்டுக்கொண்டு கூப்பிடமாட்டார்கள், வீட்டு வாடகை இருக்கிறது, என்னிடம் இருப்பது இந்தத் தொண்டை ஒன்று. எழுந்திருக்கிறேன். வாசித்துவிடு என்று ஒரு காலும் வேண்டாம் என்று ஒரு காலுமாக ஏறுகிறேன்.

உள்ளே கதவு சாத்தப்படுகிறது, காதுக்குள் அந்தப் பஞ்சு அமைதி. ஞானதுரை இப்போது நவ்ஷாத் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஹெட்போனை மாட்டியிருக்கிறார். தொடங்குகிறேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய பாடத்தை எனக்குக் கற்பித்தவர் தூங்கிப்போன ஒரு ஆபரேட்டர். வந்துவிட்டது. அப்பா வாசி என்றார், வாசித்துவிட்டேன். மதிய உணவுக்குப் பின் அவர் கண் அசந்துவிட்டார். வால்வு கசிந்தது. நல்லவேளையாக. நிறுத்துகிறேன். நவ்ஷாத்தின் கை பொத்தானுக்குப் போகிறது, ஞானதுரை அவனைத் தடுத்து அவரே பேசுகிறார், என்னம்மா, தொண்டை இன்னும் சரியாகலையா? இல்லை சார், இதில் ஒரு வரி உண்மை இல்லை என்கிறேன். என் குரல் எனக்கே ஹெட்போனில் திரும்பி வருகிறது, நடுங்குகிறது. அவர் முகம் எதற்கோ தயாராவதைப் பார்க்கிறேன், பல வருஷமாக வைத்திருந்த ஒரு பதிலை எடுப்பதுபோல, அப்படியென்றால் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். “எந்த வரி?” என்கிறார்.

“உயிர்ச்சேதம் இல்லைங்கிற வரி.”

பிரேமலதா எழுந்து நிற்கிறார். நீங்க யாரு என்று ஞானதுரை கேட்கிறார், மிரட்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார், இன்னாசி மகள் என்று சொல்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என்னைப் பார்க்கிறார், ரோட்டில் முழங்கை தேய்ந்து கிடந்த பிள்ளையைத் தேடுகிறாரோ என்னவோ. இன்னாசி எப்படி இருக்கார்? பார்வை பெரிதாக இல்லை சார், புத்தகமெல்லாம் காதால் கேட்கிறார், இதையும் கேட்பார். ஞானதுரை மேசையைப் பார்த்துக்கொண்டு, அந்தம்மா இறந்தது பிறகு, நிமோனியா என்றுதான் டாக்டர் எழுதினார் என்கிறார், அவர் அதைச் சொல்கிற விதத்தில் ஒரு தேய்மானம் இருக்கிறது, தனக்கே நிறைய தடவை சொல்லிப் பார்த்தது. வேண்டுமானால் அந்த வரியை எடுத்துவிடலாம் என்கிறார். எடுக்க வேண்டாம், மாற்றுங்கள் சார் என்கிறேன். எப்படி? எப்படி என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. முகத்தை மைக்குக்குச் சரியான தூரத்தில் வைக்கிறேன், அது பழக்கம், கழுத்து தானாகப் போகிறது, வாசிக்கிற குரல் தானாக வருகிறது, நடுக்கம் இல்லாத குரல், அவருடைய ‘என்’னையே சொல்கிற குரல்.

“என் கம்பெனியில் இறால் உறைய வைக்கும் அறையில் வேலை பார்த்த லூர்தம்மாள் அந்த வாயுவைச் சுவாசித்ததால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருக்கு ரீத்தா என்று ஒரு மகள் இருந்தாள்.”

நவ்ஷாத் திரையையே பார்க்கிறான், கோடுகள் ஓடி முடிந்திருக்கும். ஞானதுரை ஹெட்போனை மெதுவாகக் கழற்றுகிறார், பிரேமலதாவிடம் என்னவோ சொல்கிறார், கண்ணாடி வழியாக உதடு அசைவது மட்டும் தெரிகிறது, என்னைப் பார்க்காமல் எழுந்து போகிறார், அவசரமாக அல்ல, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. பிரேமலதா குனிந்து பேசுகிறார். சார் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறாராம், அதுவரை இந்த அத்தியாயம் நிற்கட்டும், அடுத்ததுக்குப் போகலாம் ஜெசிந்தா. புரட்டுகிறேன், அடுத்த அத்தியாயம் ஒளிவுமறைவின்மை. சிரிப்பு வந்துவிடும்போல இருக்கிறது, வரவில்லை. இந்தப் புத்தகத்தை வேறு யாராவது வாசிக்கட்டும் மேடம் என்கிறேன். இதுவரை வாசித்ததெல்லாம் வீணாகும், தெரியுமா, உங்களை நம்பி இனி யார் கொடுப்பார்கள் என்கிறார், கோபத்தில்தான் சொல்கிறார், ஆனால் உண்மையும் அதுதான். தெரியும் மேடம். பையை எடுக்கிறேன். கதவைத் திறந்ததும் வெளிக்காற்று முகத்தில் அடிக்கிறது, சாலிகிராமத்து வெயில், பூரி எண்ணெய் வாடை, யாரோ யாரையோ ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள். மூடிக் கிடந்த ஒரு கடை ஷட்டரில் சாய்ந்துகொண்டு அப்பாவைக் கூப்பிடுகிறேன், ஒரே மணியில் எடுக்கிறார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வாசிச்சியா என்று கேட்கிறார். நடந்ததைச் சொல்கிறேன், லூர்தக்கா பேரைச் சொன்னதையும், வக்கீலைக் கேட்கப்போவதையும், வேலை போனதையும். வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்து நிற்கிறேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“நான் தூங்கலன்னும் சொன்னியா?”

“இல்லப்பா. அத நீங்கதான் சொல்லணும்.”

ஷட்டரின் சூடு முதுகில் ஏறுகிறது, நகரத் தோன்றவில்லை. வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது.

“நான் தூங்கலம்மா,” என்கிறார் அப்பா. இத்தனை வருஷத்தில் முதல்தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் தொடங்குகிறார், அன்னைக்குக் காலைல இருந்தே அந்த வால்வு சத்தம் சரியில்ல, நான் காதை வச்சிப் பாத்தேன், என்று. தெருவின் இரைச்சல் கேட்காமலிருக்க மறு காதைக் கையால் பொத்திக்கொள்கிறேன்.